கோட்டில் நின்ற மூச்சு

பெரியப்பா இங்கிலீசு பேசத் தொடங்கியது லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் பிடிக்கவில்லை. பலாபத்வலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தாய் தகப்பன் இல்லாத என்னை அவரும் பெரியம்மாவும்தான் வளர்த்தார்கள். விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று, விரலை மடக்கி மடக்கி, "ஏ… பிள்… பா… டீட்" என்பார். எட்டிப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்.

"தொரைகிட்ட நம்மளக் காட்டிக் குடுக்கத்தான் படிக்கிறாரு," என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒருநாள் அவர் சட்டைப்பையைத் துழாவினேன். ஒரு காகிதம். இரண்டு இங்கிலீசுச் சொற்கள், நடுவில் சின்னக் கோடு. இரண்டாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அது விளங்கவில்லை. பெரியப்பா பார்த்துவிட்டார், அடிக்கவில்லை.

"திடமான ஆளுன்னு அர்த்தம், குட்டி. புதுத் தொரை ஆள் பாக்க வர்றாரு. சீக்காளிக்குத் துண்டுதான். அவரு பாசையில நானே சொல்லிட்டா நம்புவாருல்ல? கோட்டுல மூச்சு விடாம ஒரே சொல்லாச் சொல்லணும்னு மருந்துக்கார ஐயா சொன்னாரு."

துண்டு கிடைத்தால் வேலை போய்விடும். குடியிருந்த காம்பராவையும் காலி செய்ய வேண்டும். ஆனாலும் நான் அவரை நம்பவில்லை.

மறுநாள் கங்காணி கூப்பிட்டு என் கையில் கருப்பட்டி வைத்தார்.

"ஒன் பெரியப்பன் காலையில என்னடி மொணமொணக்கிறான்?"

"ஏ, பிள்" என்று தொடங்கி, அவரைப் போலவே நெஞ்சைப் பிடித்து இருமிவிட்டு, "பா, டீட்" என்று முடித்தேன்.

"இருமலும் சேத்தியா?"

"ஆமாங்க. தெனமும் அந்த எடத்துலதான் இருமுவாரு."

கங்காணி இன்னொரு கட்டி கொடுத்தார்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பெரியப்பா கோட்டில் நிற்காமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். துரை சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் நகர்ந்தார். கங்காணி துரையின் காதருகே ஏதோ சொன்னார். தேயிலை ஸ்டோர் வரை ஓடிவிட்டு வந்து மறுபடி சொல்லும்படி பெரியப்பாவுக்கு உத்தரவாயிற்று. ஓடி வந்தவர் "ஏபிள்" என்றார். அப்புறம் இருமல்தான்.

துண்டோடு மூன்று பேரும் பெரிய ரோட்டில் இறங்கி அலுவிகாரைப் பக்கம் நடந்தோம். அன்று தொடங்கிய நடை எனக்கு இன்னும் நிற்கவில்லை. ஓடவைத்துப் பார்க்கக் கங்காணிக்கு எப்படித் தோன்றியது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பெரியப்பா மேல்தான் கோபம்.

"ரெண்டாந்தடவையும் கோட்டுல நிக்காமச் சொல்லியிருந்தா வச்சிருப்பாங்கள்ல?"

"ஆமா குட்டி. அடுத்த தோட்டத்துல சரியாச் சொல்லிர்றேன்."

மிச்சமிருந்த கருப்பட்டியைக் கடித்துப் பாதியை அவருக்குக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை.