படத்தின் இரண்டு ஓரங்கள்

முதலியார்பேட்டை அஞ்சலாட்சி ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். முப்பத்தைந்து வயது, பிள்ளை இல்லை. புருஷன் தணிகாசலம் ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டில் சமையல்காரர். ஐம்பத்து நான்கில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் அந்த அதிகாரி குடும்பத்தோடு கப்பலேறினார். "ரெண்டே வருஷம், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தணிகாசலமும் கூடப் போனார். மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அவருடைய கடிதங்களைத் தமிழ் டீச்சர் சந்திரகலாதான் படித்துக் காட்டுவாள். அவள் வகுப்புச் சுவரில் துணி ஒட்டிய பழைய பிரெஞ்சு உலகப்படம் ஒன்று தொங்கியது. கடிதம் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது என்று அதில் தொட்டுக் காட்டுவாள். மர்சேய் எங்கே, புதுச்சேரி எங்கே என்பது அஞ்சலாட்சிக்கு மனப்பாடம்.

ஐம்பத்தேழில் அந்த அதிகாரியை ஏதோ ஒரு தீவுக்கு மாற்றினார்கள். தீவின் பெயர் தன் வாயில் நுழையவில்லை என்று தணிகாசலம் எழுதியிருந்தார். பிறகு வழியிலிருந்து கடிதங்கள் வந்தன. மர்த்தினிக், பனாமா, தாஹித்தி. ஒவ்வொரு கடிதத்துக்கும் டீச்சரின் விரல் இடது பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. தாஹித்தி வந்தபோது விரல் படத்தின் விளிம்பை முட்டியது.

"இதுக்கு அப்பால என்னா டீச்சரம்மா?"

"அப்பால ஒண்ணும் இல்லீங்க. படம் முடிஞ்சி போச்சி."

அதோடு அவர் திரும்பித்தான் ஆகவேண்டும் என்று அஞ்சலாட்சி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கடிதம் அவள் அண்ணன் ராமலிங்கத்திடமிருந்து வந்தது. ராமலிங்கம் சின்ன வயதிலேயே சைகோனுக்குப் போனவர். பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து கிளம்பியபோது, வேலை பார்த்த கம்பெனியோடு நூமேயா என்ற ஊருக்குப் போய்விட்டார். அது படத்தின் வலது கோடியில், கீழ் மூலையில் இருந்தது. டீச்சர் படித்தாள்: 'மாப்பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து இறங்கினார். நானே துறைமுகம் போய்க் கூட்டி வந்தேன். சௌக்கியமாக இருக்கிறார்.'

அடியில் தணிகாசலத்தின் கோணல் கையெழுத்து: 'துரையை மாற்றிய தீவு இதுதான். தாஹித்தியை விட்டதும் நேரே இங்கேதான் வந்தோம். வழியில் புதன்கிழமைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை என்று கப்பலில் சொன்னார்கள். வியாழக்கிழமை எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை.'

"குடிச்சிட்டு எழுதியிருக்காரா?" என்றாள் அஞ்சலாட்சி.

டீச்சர் படத்தைப் பார்த்தாள். கடிதத் தேதிகளின்படி, இடது விளிம்பில் இருந்தவர் பதினைந்து நாளுக்குள் வலது விளிம்புக்கு எப்படிப் போனார்? விரலை வைத்து வந்த வழியே இழுத்துப் பார்த்தாள். பனாமா, மர்சேய், சூயஸ், இலங்கை. விரல் புதுச்சேரியை ஒட்டிப் போயிற்று.

அஞ்சலாட்சியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்போ நம்ம ஊரத் தாண்டித்தானே போயிருக்காரு? எறங்கி ஒரு எட்டு வந்து பாக்காம?"

"எனக்கும் ஒண்ணும் புரியலீங்க. நாள் கணக்கும் ஒத்து வரல."

"ரெண்டு பேரும் சேந்துகிட்டு எங்கிட்ட எதையோ மறைக்கறாங்க."

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். 'வாசல் வழியாகப் போனவர் உள்ளே வரவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.' டீச்சர் தயங்கித் தயங்கி எழுதினாள். அதற்குப் பிறகு அஞ்சலாட்சிக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அங்கே வேறு குடித்தனம் வைத்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். கப்பல் கவிழ்ந்துபோய் அண்ணன் பொய் எழுதுகிறார் என்று மறுநாள் தோன்றும். எதை நம்பி அழுவது என்று தெரியாமல் வகுப்புகளைப் பெருக்கினாள்.

ஒன்றரை மாதம் கழித்து, தலைமை ஆசிரியை அறையில் அலமாரி மேல் தண்டில் நின்ற நீல உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழகுக்கு வைத்தது என்று நினைத்து வருஷக்கணக்காக அவள் துடைத்துவந்தது அது. கையெழுத்துப் போட வந்த சந்திரகலா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அஞ்சலாட்சி, அத மெதுவா சுத்துங்க."

ஒரு விரலை மர்சேயில் வைத்து இடது பக்கமாகக் கொண்டுபோனாள். பனாமா, தாஹித்தி. விரல் எங்கேயும் முட்டவில்லை. நீலத்தின் மேலேயே போய் நூமேயாவில் நின்றது.

"இது என்னா உருண்ட?"

"இதுவும் ஒலகம்தான். வகுப்புல தொங்குதே, அதேதான்."

"அது பலகையாட்டம் இருக்கு, இது பூசணிக்கா மாதிரி இருக்கு. ரெண்டும் எப்பிடி ஒண்ணாவும்?"

அஞ்சலாட்சி விடுவிடுவென்று போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி வந்தாள். வருஷா வருஷம் லீவுக்குச் சுருட்டி வைப்பவள் அவள்தான். வரைந்த பக்கம் வெளியே தெரியப் படத்தை வளைத்து, இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தாள். தாஹித்தியும் நூமேயாவும் ஒரே கடலில் வந்து நின்றன.

"இப்பிடியா?"

"இப்பிடித்தான்!"

"அப்போ அவரு நம்ம ஊருப் பக்கம் வரவே இல்ல."

"வரல."

அஞ்சலாட்சி படத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தையும் உருண்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தின் உச்சியில் பெரிதாக இருந்த வெள்ளைத் தேசம் உருண்டையில் ஏன் சுருங்கிக் கிடக்கிறது என்று கேட்டாள். அடியில் இருப்பவர்கள் விழாமல் எப்படி நிற்கிறார்கள் என்று கேட்டாள். வியாழக்கிழமையைப் பற்றியும் கேட்டாள். சந்திரகலா உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

மன்னிப்புக் கடிதம் போவதற்குள் கோபக் கடிதம் நூமேயாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தணிகாசலத்திடமிருந்து வந்த பதிலில் நாலே வரி. 'நான் எந்த வாசலையும் தாண்டவில்லை. உன் கடிதத்தை உன் அண்ணனும் நானும் படித்தோம். ரெண்டு நாள் அடுப்பு பற்ற வைக்கக் கை வரவில்லை. வந்துவிடுகிறேன்.'

அறுபதாம் வருஷம் சிட்னி, கொழும்பு வழியாக வந்து, விழுப்புரத்தில் ரயில் மாறி ஊருக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. ஸ்டேஷனில் அஞ்சலாட்சி கேட்டாள்: "எந்தப் பக்கமா வந்தீங்க?"

"போன பக்கமாவேதான் போயிட்டிருந்தேன். எங்கியுமே திரும்பல" என்றார் தணிகாசலம். "அது எப்பிடின்னு மட்டும் எங்கிட்ட கேக்காத."