தொட்டுக் கண்ணில் ஒற்றிய கை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் எனக்கு முகப்பு மேசை வேலை. வேலை முடிந்ததும் எம்.எம்.ஏ. ஜிம்முக்குப் போவேன். குத்து, உதை, பிடி எல்லாம் ஒரே கூண்டுக்குள் நடக்கிற சண்டை அது. நாற்பதைத் தொடுவதற்குள் ஒரே ஒரு அமெச்சூர் போட்டியிலாவது ஏறிவிட வேண்டும் என்பது என் ஆசை. குத்துச்சண்டை பழகியவள் என்பதால் கை நன்றாக ஓடும். யாராவது கிட்டே வந்து இடுப்பைக் கட்டினால்தான் ஆபத்து. வெட்டிய வாழை மாதிரி சாய்ந்துவிடுவேன்.

கோச் ரவாங் ஊர்க்காரர், என்னைவிட இளையவர். "அக்கா, உங்க கை நல்லா பேசுது. கால்தான் ஊமை," என்றார். "ஜூடோ போயி நிக்கக் கத்துக்கிட்டு வாங்க. வருஷக் கடைசியில போட்டி இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு டெஸ்ட் வைப்பேன். கீழ போகாம நின்னா உங்க பேரக் குடுக்கிறேன்."

அப்படித்தான் கிள்ளானில் என் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஜூடோ வகுப்பில் சேர்ந்தேன். முதல் சில வாரம் விழுவது மட்டும்தான் பாடம். தாடையை நெஞ்சோடு ஒட்டி, உள்ளங்கையால் பாயை அறைந்து விழ வேண்டும். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். மீசை இல்லாத எனக்கு மூக்கில் பாய் தேய்ந்த தழும்புதான் மிச்சம்.

எனக்கு ஜோடியாக வந்தவள் செந்தூல்காரி. கத்தோலிக்கக் குடும்பம், பாலர் பள்ளி ஆசிரியை, ஜூடோவில் கறுப்புக்கு ஒரு படி கீழே, பழுப்பு பெல்ட். அவளோடு கால் வாரும் பாடம் தொடங்கியபோதுதான் சிக்கல். எதிராளி அடி எடுத்து வைக்கும் நேரம் பார்த்து, அவளுடைய சட்டைக் கையை இழுத்துக்கொண்டே, நம் வெறும் பாதத்தால் அவள் பாதத்தை வாரிவிட வேண்டும். என் கால் அவள் மேல் பட்டதுதான் தாமதம், என் கை சட்டையை விட்டுவிட்டு அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நம் வீடுகளில் யார் மேலாவது கால் பட்டால் செய்வோமே, அதேதான். ஒற்றி முடிப்பதற்குள் நான் மல்லாந்து கிடந்தேன்.

"என்னா, என்னைய சாமியாக்கிட்டீங்களா?" என்றாள்.

"கை தானா போவுதுங்க."

"தானா போவட்டும். நீங்க கும்பிடக் கும்பிட நான் தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கேன். எனக்கும் ப்ராக்டிஸ் ஆச்சு."

சொன்னபடியே செய்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது எனக்கென்றே சொன்னது போலிருந்தது. இத்தனை வருஷம் குத்தும்போது வராத கூச்சம், கால் பட்டால் மட்டும் எங்கிருந்தோ வந்து நின்றது. இப்படியே போனால் டெஸ்டில் நிற்க முடியாது, பேரும் போகாது என்று சோர்ந்து பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டுலயும் இந்தப் பழக்கம் உண்டுலா. நான் எப்படி விட்டேன் தெரியுமா? ஆரம்பிக்கறப்ப ரெண்டு பேரும் குனிஞ்சு வணக்கம் வைக்கிறோம்ல? அப்பவே மனசுக்குள்ள எல்லா மிதிக்கும் சேர்த்து மன்னிப்பு கேட்டுக்குவேன். முடிஞ்சப்புறம் குனியறப்ப இன்னொரு தடவ. மொத்தமா கேட்டாச்சு, நடுவுல எதுக்கு சில்லறை சில்லறையா?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து நான் குனிகிற குனிவு கொஞ்சம் நீண்டது. கை உடனே அடங்கிவிடவில்லை. முதலில் பாதி வழி போய்த் திரும்பியது, பிறகு விரல் மட்டும் துடித்தது, ஒருநாள் சட்டையை விடாமலே நின்றது. ஆனால் அந்த மாற்றம் ஜூடோ பாயோடு முடியவில்லை. கோமுட்டர் ரயிலில் ஒரு ஆன்டியின் காலை மிதித்துவிட்டு மரம் மாதிரி நின்றிருந்தேன். "வளர்ப்பு சரியில்ல," என்று அவர் முணுமுணுத்த பிறகுதான் பதறி, "சாரி ஆன்டி," என்றேன்.

எம்.எம்.ஏ.வில் பிடிக்கச் சட்டை இருக்காது. அதனால் கடைசி வாரங்களில் செந்தூல்காரி கனத்த ஜூடோ சட்டையை விட்டுவிட்டு டீ சர்ட்டோடு வந்தாள். ஒரு கை பிடரியில், இன்னொரு கை முழங்கைக்கு மேலே. பிடி மாறினாலும் கால் வேலை அதேதான்.

டெஸ்டில் கோச் எனக்கு எதிரே நிறுத்தியது செமினி ஊர்ப் பெண் ஒருத்தியை. ஜிம்மில் எல்லாரையும் தரையில் புரட்டி எடுப்பவள். தொடங்கியதும் என் கை பழக்கத்தில் காலரைத் தேடி வியர்வையில் வழுக்கியது. அவள் உள்ளே நுழைந்துவிட்டாள். அவசரமாகப் பிடரியைப் பிடித்து, நெற்றியை அவள் நெற்றியில் முட்டி நின்றேன். அவள் ஒரு அடி பின்வாங்க, வாரினேன். தொப்பென்று உட்கார்ந்தாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மேலே ஏறி அமுக்கினேன். நழுவி எழுந்துகொண்டாள்.

ரவுண்டு முடியப்போகும் நேரம். அவள் சட்டென்று குனிந்து என் இரண்டு தொடைகளையும் அணைத்துத் தூக்கினாள். எங்கள் ஜூடோ வகுப்பில் காலைக் கையால் பிடிக்க அனுமதி இல்லை. அதற்குத் தடுப்பும் எனக்குத் தெரியாது. விழுந்தேன். விழுந்த வேகத்தில் உருண்டு எழுந்து கையைத் தூக்கி நின்றேன். மணி அடித்தது.

"கீழ போயிட்டேன்," என்றேன் கோச்சிடம்.

"போனீங்கதான், நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்," என்றார். "முன்னல்லாம் கீழ போனா அங்கயே வீடு கட்டிக் குடியிருப்பீங்க. இன்னிக்கு வாடகைக்குக்கூட இருக்கல. பேரக் குடுக்கிறேன் அக்கா. ஆனா போட்டியில வர்றவ இந்தக் காலுக்குத்தான் வருவா. அதப் பாத்துக்குங்க."

செமினிப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அவளிடம் போய், "தங்கச்சி, கடைசியா ஒன்னு பண்ணியே, அத மெதுவா இன்னொரு தடவ பண்ணு," என்றேன்.

"மெதுவாவா? அப்படின்னா இன்னும் வலிக்கும்கா," என்று சிரித்துக்கொண்டே பாட்டிலை மூடிவிட்டு வந்தாள்.