மூன்று நாள் ஜவ்வரிசி

என் மகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி இல்லை. புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலத்தை உடைக்கும் நொதி அது. உடையாத அமிலம் ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும். அதனால் பால், பருப்பு, முட்டை, மீன், கறி எதுவும் அவளுக்குக் கிடையாது. சோறு மட்டும் உண்டு, தராசில் நிறுத்து. மற்றதற்கெல்லாம் பதிலாக ஒரு மருந்துப் பவுடரை மூன்று வேளை கரைத்துக் குடிக்க வேண்டும். என்னிடமிருந்து பாதி, கணவரிடமிருந்து பாதி என்று இந்தக் குறை சேர்ந்து வந்ததாக டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். எங்கள் ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார்கள். ஒன்பதாவது இதுதான் போலிருக்கிறது.

மாதம் ஒருமுறை அவள் விரலைக் குத்தி, ஓர் அட்டையில் ரத்தத்தைச் சொட்டவிட்டு, காயவைத்து, சென்னைக்குக் கூரியரில் அனுப்புவேன். ஒரு வாரத்தில் அந்த அமிலத்தின் அளவு நம்பராக வரும். ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் நல்ல நம்பர். நான் எந்தப் பரீட்சையிலும் தோற்றவள் இல்லை. பரீட்சைக்கு முன் மூன்று நாள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒழுக்கம். எனவே ரத்தம் எடுப்பதற்கு முந்தைய மூன்று நாளும் சோற்றை நிறுத்திவிடுவேன். ஜவ்வரிசிக் கஞ்சி, மரவள்ளிக்கிழங்கு, பழம் என்று புரதம் அநேகமாக இல்லாதவை மட்டும். கூடவே, பிரெஞ்சு பென்ஷன் வாங்குவதால் தெருவே முசியே என்று கூப்பிடும் மேல்வீட்டுக்காரரின் மகள் பாரிசிலிருந்து பெட்டியில் கொண்டுவரும் புரதம் குறைத்த மக்ரோனி. இதை ஏமாற்று என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. தயாரிப்பு என்று நினைத்தேன்.

நம்பர் அழகாக வந்தது. டாக்டரம்மா மகிழ்ந்து சோற்றின் அளவைக் கூட்டினார், இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை. மற்ற அம்மாக்களுக்கு என்னை உதாரணம் காட்டினார். ஒரு சனிக்கிழமை காத்திருக்கும் அறையில் எழுந்து நின்று, கல்யாணப் பந்தியில் பிள்ளையை எப்படிக் காப்பாற்றிக் கொண்டுவருவது என்று அவர்களுக்குப் பேசினேன். கைதட்டினார்கள். ஜவ்வரிசியைப் பற்றிச் சொல்லவில்லை. நேரம் போதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாக்டீரியா பற்றித் தெரியவந்தது. குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி, இந்த அமிலத்தை அது குடலிலேயே தின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள், வெளிநாட்டில் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. என்ன இனம் என்று தேடினேன். குடிதண்ணீர் கெட்டால் பேப்பரில் பெயர் வருமே, அந்தக் குடும்பம்தான். இது அதில் சாதுவான கிளையாம். ஆறு வருஷமாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்தும், மகளின் கைகளைச் சோப்பு போட்டுத் தேய்த்தும் நான் விரட்டிக்கொண்டிருந்தது இதன் சொந்தக்காரர்களை. இப்போது அதுவே எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று தேங்காய் உடைத்தேன்.

இந்தப் பக்கம் அப்படியொரு சோதனை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று டாக்டரம்மா ஒரு பட்டியல் எழுதிவந்தார். என் மகளையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா? சாப்பாட்டுல கட்டுப்படாத பிள்ளைங்களுக்குத்தான் அது. உங்க நம்பரப் பாத்தா சிரிப்பாங்க."

பட்டியலில் ஏறியது கடலோரத்திலிருந்து வரும் இன்னொரு அம்மாவின் மகன். அவள் மீன் விற்கிறாள். வீடு முழுக்க மீன், பையன் வாய்க்கு மட்டும் மீன் இல்லை. அவன் நம்பர் எப்போதும் கோட்டுக்கு மேலே. எந்த நாளில் ரத்தம் எடுப்பாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாளு கெழமல்லாம் ஏதுக்கா. ஞாபகம் வர்றப்ப குத்திடுவேன். என்ன துன்னானோ அதான வரும்?"

அவள் மகனின் கெட்ட நம்பரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். வீட்டுக்கு வந்தும் அது தணியவில்லை. ஒரு மாதம் பருப்பு கொடுத்தால் என் மகளின் நம்பரும் ஏறும், பட்டியலிலும் ஏறலாம் என்று தோன்றியது. ஒரு கரண்டி சாம்பாரை மகளின் தட்டுவரை கொண்டுபோய், திருப்பி என் தட்டிலேயே ஊற்றிக்கொண்டேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: கெட்ட நம்பருக்குப் பருப்புகூட வேண்டாம், சாதாரண நாளில் குத்தினாலே போதுமோ? அப்படியானால் மாதத்தின் மீதி இருபத்தேழு நாளும் அவள் ரத்தத்தில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது? பாடத்தில் இவள் கவனம் அடிக்கடி தப்புகிறது என்று டீச்சர் இரண்டு முறை சொல்லியிருந்தார். டீச்சருக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்று நான் தீர்ப்பு சொல்லியிருந்தேன்.

அடுத்த முறை டாக்டரம்மாவின் முன் உட்கார்ந்து, உண்மையை எப்படித் தொடங்குவது என்று வாக்கியத்தை மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். எப்படித் திருத்தினாலும் அதில் நான் நல்லவளாகவே இருந்தேன். அதற்குள் டாக்டரம்மா என் மகளிடம், இன்னும் ஒரு ஸ்பூன் சோறு கூட்டித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"டெஸ்ட்டு வந்தா சோறு கெடையாதே. அம்மா ஜவ்வரிசிதான் குடுக்கும்."

எத்தனை நாள் என்று கேட்டதற்கு மூன்று விரல்களைக் காட்டினாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஃபைலை இரண்டு வருஷம் பின்னால் புரட்டினார்.

"இத நம்பித்தானம்மா நான் சோத்த ஏத்தினேன்."

அங்கேயே அவள் விரலைக் குத்தி, அட்டையைத் தானே சென்னைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் வந்த நம்பர், மீன் விற்கும் பெண்ணின் மகனுடையதைவிட அதிகம். அப்போதும் நான் பட்டியலைப் பற்றித்தான் கேட்டேன். முதலில் சோற்றைக் குறைத்து, மூன்று மாதம் கண்ட நாளில் ரத்தம் எடுத்து அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்.

சோறு குறைந்தது. மகள் முதல் வாரம் முழுக்கத் தட்டைப் பார்த்து அழுதாள். நான் எந்தத் தயாரிப்பும் செய்யாமல், கிழமை பார்க்காமல் குத்தி அனுப்பினேன். மூன்றாவது மாதம் நம்பர் கோட்டுக்குக் கீழே இறங்கியது. டாக்டரம்மா என்னை வாழ்த்தி, சோறு இதே குறைந்த அளவிலேயே இருக்கட்டும், இனி பட்டியலுக்கு அவசியமில்லை என்றார். நானும் நன்றி சொன்னேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

முதலியார்பேட்டைக்குத் திரும்பும் ஆட்டோவில் மகள் கேட்டாள்.

"நல்ல நம்பராம்மா?"

நல்ல நம்பர்தான் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. நல்ல நம்பர் வந்தால் சோறு கூடும் என்று அவளைப் பழக்கியது நான்தான். வீடு வரும்வரை அவள் இன்னும் எத்தனை ஸ்பூன் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.