கிணற்றில் பழகி எட்டு நாள் படகுக்குத் தயாரானது

வாயில் கவ்வுகிற ரப்பரில் யாரோ அழுத்திக் கடித்த பல்தடம் இருந்தது. சித்தப்பா வேனின் பின்கதவைத் திறந்து சாமான்களைக் காட்டியபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான். காற்று அடைத்த பெரிய குடுவையும், தவளைக்கால் மாதிரி இருந்த ரப்பர் செருப்பும் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டன. கடலுக்கு அடியில் மனுஷன் இவ்வளவு பயந்து கடிப்பானா என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான் யாரிடமும் எதையும் சட்டென்று கேட்கிறவள் இல்லை.

இது போன மாசியில் நடந்தது. சித்தப்பா தூத்துக்குடியில் ஓர் ஆராய்ச்சிப் படகில் குடுவைக்குக் காற்று அடைக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர். அந்தப் படகு எட்டு நாள் கரைக்கே வராமல் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகளைப் பார்க்கப் போகிறது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகிலேயே. மெட்ராஸ் காலேஜிலிருந்து இரண்டு அக்காமார் முங்க வருகிறார்கள். அவர்களுக்குத் துணையாக, தண்ணீரில் இறங்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றார்களாம். சித்தப்பா என் பெயரைச் சொல்லிவிட்டார். மெட்ராசுக்குச் சாமான் எடுக்க வந்த வேனோடு எங்கள் ஊருக்கும் வந்து நின்றார்.

என்னைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உத்திரமேரூரைச் சுற்றி யார் கிணற்றில் குடம் விழுந்தாலும், தோடு விழுந்தாலும், பம்புசெட்டின் ஃபுட்வால்வு கழன்று விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எட்டாவதோடு படிப்பு நின்ற பிறகு எனக்கு இருந்த ஒரே பேர் அதுதான். இடுப்பில் கயிறு, கையில் ஒரு கல். கல்லின் கனத்தில் அடிவரை போய், சேற்றைத் துழாவி எடுத்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிட்டு மேலே வருவேன். ஒரு முறை பெருநகர் என்கிற ஊர் வரைக்கும் அழைத்துப் போனார்கள். கிணற்று மேட்டில் ஊரே நிற்கும். ஈரப் பாவாடையோடு நான் ஏறி வரும்போது ஒருத்தரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. வயசுப் பொண்ணு என்று அப்போது யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை.

கடல் என்றதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

முதலில் வந்தவர் என் தாய்மாமன். அப்பாவைப் பார்த்து, "இன்னா மச்சான், புத்தி கீதா உனக்கு? எட்டு நாளு கடல்ல படுத்துக்கினு வர்ற பொண்ணை எவன் கட்டுவான்?" என்றார்.

சித்தப்பா விடவில்லை. "போன ஆடியில உன் வூட்டுக் கெணத்துல எறங்கி, உன் பொண்டாட்டி தாலிக்கொடிய எடுத்துக் குடுத்தாளே. அப்ப கேக்கல, எவன் கட்டுவான்னு?"

"அது நம்ம கெணறுப்பா!"

"அப்ப கடலு இன்னா, எதிராளி வூட்டு சொத்தா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவளைக் கேளுங்க" என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். போகிறேன் என்று தலையை ஆட்டினேன். அதற்கே மாமா எழுந்து போய்விட்டார், நான் என்னவோ வாய்க்கு வந்தபடி பேசிவிட்ட மாதிரி.

இப்படிப் போக நினைக்கிறவர்கள் முதலில் காது டாக்டரைப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். டாக்டர் என் காதுக்குள் லைட் அடித்துக்கொண்டே, "பொண்ணுக்குக் காது வலி எதாவது உண்டா?" என்று சித்தப்பாவிடம் கேட்டார். என் காது! சித்தப்பாவுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? சளி இருந்தால் இறங்கக் கூடாது, ஆழத்தில் காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் நல்ல புத்தி. அதையும் சித்தப்பாவிடம்தான் சொன்னார்.

தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். அம்மா வழக்கம்போல் வழிய வழிய வைத்துப் பின்னிவிட்டாள். முகமூடியின் ரப்பர் நெற்றியில் பிடிக்காமல் வழுக்கி, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சீயக்காய் போட்டு இரண்டு தடவை அலசிய பிறகுதான் பிடித்தது. பாவாடையும் ஆகாது, காலைச் சுற்றும். சித்தப்பாவின் பழைய பேண்டைக் கெண்டைக்காலில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன். அதைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தென்னேரி ஏரி உடைந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

எங்கள் கிணற்றிலேயே நான்கு நாள் பழகினேன். இறங்குவது ஒரு கஷ்டமும் இல்லை. மூச்சு விடுவதுதான் வரவில்லை. கிணற்றில் இறங்குகிறவளுக்கு மூச்சு என்பது மடியில் முடிந்த காசு; செலவழிக்காமல் வைத்திருக்கிறவள்தான் கெட்டிக்காரி. முதுகில் குடுவை நிறையக் காற்று இருந்தும் நான் ஒரு வாய் இழுத்து அடக்கிக்கொண்டேன். சித்தப்பா கயிற்றைப் பிடித்து இழுத்து, என்னைப் படியில் உட்கார வைத்துத் திட்டினார்.

"இன்னாடி, காத்து வீணாப் போவுதேன்னு பாக்கறியா? அடக்கிக்கினு மேல வந்தா, உள்ள இருக்கற காத்து பெருத்து நுரையீரலைக் கிழிச்சுடும். வுடு, வுட்டுக்கினே இரு! எனக்குக் குமிழி தெரியணும்."

இரண்டு நாள் அவர் மேட்டில் உட்கார்ந்து குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி நின்றால் கயிற்றைச் சுண்டுவார். மூன்றாம் நாள் ஒரு தடவைகூடச் சுண்டவில்லை. நான்காம் நாள் கயிற்றை அவிழ்த்துவிட்டு அவரும் என்னோடு இறங்கினார். பாறைச் சந்தில் யாரோ தொலைத்த செம்பு ஒன்று கிடந்தது. எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிணற்றடியில் அவசரமில்லாமல் இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. மதுராந்தகம் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே டீ குடித்துவிட்டு ரோட்டைப் பிடித்தால் திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி. டீக்கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, எங்களுக்கெல்லாம் கேஸ் சிலிண்டருக்குப் பதிஞ்சு வருஷமாவுது, நீ வண்டி ரொப்பிக்கினு போற?" என்றார். டிரைவர், "இது அடுப்புக்கு இல்ல நைனா, பொண்ணுக்கு" என்றார். நானும் சிரித்துவிட்டேன். வயிறு புரட்டுகிறவர்கள் நாஷ்டாவுக்கு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூத்துக்குடி போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. சித்தப்பா வீட்டில் தங்கினேன்.

மறுநாள் காலையில் படகுத்துறை. படகுக்குப் பொறுப்பானவர் என்னைப் பார்த்ததும், "கிணத்துப் பொண்ணு இதானா?" என்று சத்தமாகக் கேட்டார். படகில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "சிலிண்டர் இல்லாம எவ்வளவு நேரம் மூச்சு பிடிப்பே? இறங்கிக் காட்டு, பார்ப்போம்."

படகு ஆட்கள் தங்களுக்குள் டீ பந்தயம் கட்டினார்கள். சேவலை விடுகிற மாதிரி என்னை விட்டார்கள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. இறங்கி, துறையின் தூணைப் பிடித்துக்கொண்டு முடிந்த மட்டும் இருந்துவிட்டு வந்தேன். கை தட்டினார்கள். அவரும் தட்டினார். தட்டிய கையோடு சித்தப்பாவிடம் சொன்னார்: "பார்த்தியா? மூச்சை அடக்கித்தான் இவளுக்குப் பழக்கம். இவளுக்கு சிலிண்டர் கட்டினா ஆபத்து. சமையல் பக்கம் இருக்கட்டும்."

அடக்கச் சொன்னவரும் அவர். அடக்கியது குற்றம் என்கிறவரும் அவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காலேஜ் அக்காமாரில் ஒருத்தி, "நாங்களும் இறங்கிக் காட்டணுமா சார்?" என்று கேட்டாள்.

"நீங்க டிரெயினிங் எடுத்தவங்கம்மா."

"இவளும் எடுத்தவதான் சார்" என்றார் சித்தப்பா. "நான்தான் குடுத்தேன்."

"எங்கே, கிணத்துலயா?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கிளம்ப நினைக்கிற பெண்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இதுதான்: யார் கேட்டாலும் வேடிக்கைக்காக மூச்சை அடக்கிக் காட்டாதீர்கள். குடுவையைக் கட்டிக்கொண்டுதான் இறங்குவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்ல வாய் வராது என்று எனக்கும் தெரியும்.

படகுக்குப் பொறுப்பானவர் துறையில் கிடந்த காய்கறி மூட்டையைக் காட்டி, "அதை உள்ளே எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

நான் மூட்டையைத் தாண்டிப் போனேன். குடுவையின் வால்வைத் திறந்து, காற்றின் அளவைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். சித்தப்பா அதைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு வாரிலும் கையை நுழைத்து, இடுப்புப் பட்டையை இறுக்கி, முகமூடியைக் கழுவி மாட்டி, ரப்பரை வாயில் கவ்விக்கொண்டேன். பிறகு எல்லார் கண்ணெதிரிலும் ஏணியில் இறங்கி, குமிழி விட்டுக்கொண்டே அடிவரை போனேன்.