பூட்டுக்காரர் சைலன்சர் கழற்றினார்

பூட்டுக்காரருக்கு எதையும் உடைக்கப் பிடிக்காது. கடைவீதியில் ஒரு மாடிப்படிக்கு அடியில், கதவளவு அகலத்தில் அவருக்கு ஒரு கடை. சாவியைத் தொலைத்தவர்கள் அங்கே வந்து தையத்தக்கா என்று குதிப்பார்கள், சுத்தியலை எடுங்கள் என்பார்கள். இவர் அசைந்து கொடுக்க மாட்டார். எண்ணெய் விடுவார், மெல்லத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், மறுபடி எண்ணெய் விடுவார். "ஒடச்சித் திறக்கறது திருடன் வேலைங்க, அதுக்கு நான் எதுக்கு?" என்பார். பூட்டுக்கு அது சரிதான். மற்ற சாமான்களிடமும் அவர் அப்படியே நடந்துகொண்டதுதான் கோளாறு.

அவருடைய பழைய கார் அப்படித்தான் அவரிடம் மாட்டிக்கொண்டது. சைலன்சரில் துரு அரித்து ஓட்டை விழுந்து, கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் பாத்திரம் அதிர்ந்தது. தொட்டிலில் குழந்தையைத் தூங்க வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று முறைத்தார். புதுசு மாற்றலாம் என்று பட்டறைக்குப் போனால், பழைய போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அறுக்கிறதாவது! வந்த வேகத்தில் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, ஓட்டையின் மேல் சுற்றி, கிளாம்பு போட்டு இறுக்கினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. அன்று முழுக்கத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் மனைவிக்குத் தலைவலி ஆரம்பித்தது.

காரை வெளியே எடுப்பதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஊருக்கு வெளியே, பூட்டுக்காரரின் தம்பி வீட்டில் இருக்கும் அவர் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார்கள். நல்ல தூரம். பூட்டுக்காரர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி ஓட்டுவார். அவளுக்குத் தூசி பட்டால் தும்மல் நிற்காது; தன் பக்கத்துக் கண்ணாடியை இறுக்கி ஏற்றிவிடுவாள். போய் இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும். குமட்டுகிறது என்று சொல்லி ஒரு மூலையில் சுருண்டுவிடுவாள். மாமியாரோடு நாலு வார்த்தை பேச முடியாது. திரும்பி வந்தபின் கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். மறுநாள் தையல் மெஷினில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை ஒரு வலியும் கிடையாது.

"என்னங்க, வண்டிக்குள்ள ஏதோ புகை நாத்தம் வருது" என்று சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு வரலையே" என்றார் அவர். அத்தோடு விசாரணை முடிந்தது.

பூட்டுக்காரர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். வீட்டில் இருந்தால் வலியில்லை, அம்மா வீட்டுக்குக் கிளம்பினால் வலி. இதற்கு அவர் கண்டுபிடித்த விடை, புருஷன்மார்களுக்கு யோசிக்காமலே கிடைக்கிற விடைதான். போன ஞாயிற்றுக்கிழமை அது வாயிலிருந்தும் வந்துவிட்டது. அம்மாவுக்கு எதிரிலேயே, "எங்கம்மாவப் பாக்கணும்னா மட்டும் இவளுக்கு எங்கேருந்துதான் தலவலி வருமோ" என்றார்.

 அன்று திரும்பி வந்து காரிலிருந்து இறங்கியவள், "இனிமே இந்த வண்டியில நான் ஏறமாட்டேன்" என்றாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது. சோறு வரும், குழம்பு வரும், பேச்சு மட்டும் வராது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். இப்படி வாயடைத்துப் போனதில்லை. பூட்டுக்காரருக்குப் பயம் வந்தது. இவள் இனி பேசவே மாட்டாளோ? ஆனால் அதை வெளியே சொன்னால் தோற்றதாக ஆகிவிடுமே. வேறு வழி யோசித்தார். புது சைலன்சரைப் போட்டுக் காரைப் பூனை மாதிரி சத்தமோ புகையோ இல்லாமல் ஓடவைத்துவிட்டால், சாக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. அப்போது தெரிந்துவிடும் யார் சொன்னது சரி என்று.

லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் மைத்துனனை இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அவன் அறுக்கும் மெஷினும் காரைத் தாங்கும் இரும்பு முக்காலிகளுமாக வந்து இறங்கினான். மெஷினைப் பார்த்ததும் பூட்டுக்காரர் முகம் சுருங்கியது.

"மச்சான், அது உள்ள இருக்கட்டும். மொதல்ல பதமா பாப்போம்."

"மாமா, இது பூட்டு இல்ல. சுட்டுச் சுட்டு, நனைஞ்சு நனைஞ்சு இறுகிப்போன இரும்பு. நீங்க கொஞ்சறதெல்லாம் அதுக்குக் கேக்காது."

ஜாக்கி வைத்துத் தூக்கி, முக்காலியில் உட்காரவைத்து, சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்தார்கள். பூட்டுக்காரர் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். அது மூக்குக்கண்ணாடி மேலும் வாய்க்குள்ளும் கொட்டியது. எண்ணெய் விட்டார். தட்டினார். காத்திருந்தார். குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் சோப்புத் தண்ணீர் தடவியதும் வழுக்கிக்கொண்டு வந்தன. "பாத்தியா?" என்றார் பெருமையாக. அடுத்து போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார். நட்டின் மூலைகள் மழுங்கி, அது கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகிவிட்டது.

சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "தம்பி, அவருக்கு டீ வேணுமான்னு கேளு."

"மாமா, டீ வேணுமா?"

"வேணும்னு சொல்லு."

"அக்கா, வேணுமாம்."

"சக்கரை போட்டா, போடாமலான்னு கேளு."

"ரெண்டு பேரும் என்னைய தந்திக்கம்பம் ஆக்கிட்டீங்க" என்று மைத்துனன் மெஷினை எடுத்தான். இந்தத் தடவை பூட்டுக்காரர் தடுக்கவில்லை. வெளியே வந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தீப்பொறி பறந்தது, பல் கூசும் சத்தம் வந்தது, கொஞ்ச நேரத்தில் மொத்தக் குழாயும் தொப்பென்று தரையில் விழுந்தது. அவர் சுற்றிய டின் தகரம் மட்டும் அப்படியே கெட்டியாக இருந்தது. துளிப் புகை கசிந்த அடையாளம்கூட அதில் இல்லை.

அதைச் சொல்லிக் காட்டுவதற்காகவே மறுபடி அடியில் நுழைந்தவர், மேலே பார்த்தார். இன்ஜினிலிருந்து வரும் முன்குழாயின் இணைப்பில் நீளமாக ஒரு வெடிப்பு. அதற்கு நேர் மேலே காரின் தரைத்தகடு கன்னங்கரேல் என்று கரி பூசிக் கிடந்தது. கரிக்கு நடுவில் துரு தின்ற ஒரு பொத்தல். விரலைவிட்டார். விரல் தடையில்லாமல் உள்ளே போய், மெத்தென்று எதையோ தொட்டது.

அவள் கால் வைக்கும் மிதியடி.

பூட்டுக்காரர் விரலை எடுக்கவில்லை. மைத்துனன் குனிந்து பார்த்தான். அவன் பேச்சில் கேலி போய்விட்டது. "பின்னாடி ஓட்டைய நீங்க அடச்சிட்டீங்க மாமா. புகை முன்னாடி வெடிப்பு வழியா ஏறியிருக்கு. இது விஷப்புகை. தூங்கற மாதிரி ஆளை முடிச்சிடும். அக்கா பொழச்சிருக்கறதே பெரிசு."

அவர் எழுந்து கார்க் கதவைத் திறந்து மிதியடியை உரித்தார். அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, துருவும் எண்ணெயுமாக அப்படியே சமையலறைக்குப் போனார். வேறு நாளாக இருந்தால் அந்தக் கோலத்தில் வாசல்படி தாண்ட விட்டிருக்க மாட்டாள். அவர் மிதியடியைத் திருப்பிக் காட்டினார். 

அவள் கரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மைத்துனன் பின்னாலேயே வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, இங்கே நிற்கக் கூடாது என்று புரிந்து வெளியே போய்விட்டான்.

"நான் சொன்னப்ப நம்பல" என்றாள் அவள். "இப்ப கரி சொன்னதும் நம்பிட்டீங்க."

அவர் மிதியடியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"அது கூடப் பரவால்லங்க. நீங்க திருப்பித் திருப்பி அதையே நெனைக்கவும், எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெசமாவே அத்தைய எனக்குப் பிடிக்கலையோ, அதான் ஒடம்பு இப்படிப் பண்ணுதோன்னு. ராவெல்லாம் என்னைய நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

புகையைவிட இது மோசம் என்று பூட்டுக்காரருக்குத் தெரிந்தது.  கையைத் துடைக்காமலே போனை எடுத்து, அவளுக்கும் கேட்கும்படி வைத்து, அம்மாவை அழைத்தார். சத்தமாக, ஒன்று விடாமல் சொன்னார். தகரம் சுற்றியது, புகை ஏறியது, தான் சொன்னது எல்லாம் பொய் என்பது.

அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "இத எதுக்குடா எங்கிட்ட சொல்ற? அவகிட்ட சொன்னியா?" என்றாள்.

சொல்லவில்லை. மிதியடியைத்தான் காட்டியிருந்தார். பூட்டுக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். "தப்பு எம்மேலதான்" என்றார். "நீ சொன்னப்பவே குனிஞ்சு பாத்திருக்கணும்."

அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"அத்தை, அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரேன். ரொம்ப நாளாச்சு, ஒக்காந்து பேசுவோம்." அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நான் பஸ்ல வந்துடறேன். அவரு வேணும்னா கார்ல வரட்டும்."