சோளகத்தை விட்டுக்கொடுத்த பெரியப்பா

அந்த ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்தவர் என் பெரியப்பா. இதை எத்தனை தரம் சொன்னாலும் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் தலைவி. அடுத்த வருடம் வயது கூடிவிடும், பாடசாலைப் போட்டிகளில் விளையாட விடமாட்டார்கள். அந்த ஆட்டத்தில் வென்றால் மாகாணப் போட்டி, தோற்றால் வீடு. என் வாழ்நாளில் மாகாணப் போட்டிக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. இவ்வளவு நாளும் அடுத்த ஊர் மைதானங்களில் ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு முதல்தடவையாகச் சொந்த மைதானத்தில் ஆட்டம் கிடைத்திருந்தது. எதிரணி நெடுந்தீவுப் பிள்ளைகள்.

எங்கள் நாரந்தனைப் பக்கம் தெற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கோல் பக்கம் நின்று அடித்தால் பந்தைக் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். மத்தியானம் அது பேய்க்காற்று. பொழுதுபடப் படத் தணிந்துவிடும். ஆகவே முதல் பாதியிலேயே காற்றை எடுத்துக்கொண்டு கோல்களைப் போட்டுவிட வேண்டும் என்று அந்தப் பருவம் முழுக்கப் பழகியிருந்தோம்.

நாணயம் எங்கள் பக்கம் விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மைக் முழங்கியது. பெரியப்பா பழைய மாணவர் சங்கத் தலைவர். மைக்கைக் கண்டால் விடமாட்டார்.

"கடல் கடந்து வந்த பிள்ளையள். பக்கத்தை அவையளே தெரிவு செய்யட்டும். எங்கடை பிள்ளையள் சந்தோசமா விட்டுக்குடுக்கினம்."

சனம் கை தட்டியது. அவ்வளவு பேருக்கு முன்னால் இல்லை என்று எப்படிச் சொல்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெடுந்தீவாருக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர்களின் தலைவி ஒரு கணம்கூட யோசிக்காமல் தெற்குக் கோலைக் காட்டினாள். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினோம். இரண்டாவது பந்து எங்கள் கோல்காரியின் தலைக்கு மேலால் காற்றோடு போனது. அவள் என்ன செய்வாள், பாவம்.

இரண்டாம் பாதியில் காற்று எங்கள் முதுகில். தணியத் தொடங்கியிருந்தாலும் எங்களுக்கு அது போதும். நான் ஒரு கோல் போட்டேன். அவர்களுக்கு மூச்சு வாங்கியது, எங்கள் பிள்ளைகளுக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா கோட்டோரம் வந்து நடுவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, குறிகட்டுவான் துறையிலை கடைசிப் படகு போயிடும். பிள்ளையள் அந்தரப்படக்கூடாது. கொஞ்சம் வெள்ளனவா முடிச்சு விடும்."

நெடுந்தீவுப் பயிற்றுநர்கூட அதைக் கேட்கவில்லை. ஆனாலும் ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டார் என்று நடுவர் விசிலை ஊதிவிட்டார். ஒன்றுக்கு இரண்டு. எங்கள் மைதானம், எங்கள் காற்று, எங்கள் தோல்வி.

சரி, படகைப் பிடிக்கவாவது விட்டாரா? பரிசு கொடுத்ததும் நன்றியுரை என்று மைக்கைப் பிடித்தார். கல்லூரி தொடங்கிய கதை, தான் படித்த கதை, தான் கோல் போட்ட கதை. பிறகு கூழ் குடிக்காமல் போகவிடமாட்டேன் என்று மறித்தார். வந்த பிள்ளைகள் மரியாதைக்கு ஊதி ஊதிக் குடித்தார்கள். அவர்களை ஏற்றிய வான் குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர்ந்தபோது படகு போய்விட்டிருந்தது. அப்படியே திரும்பி வந்தார்கள்.

வீடு வீடாகப் பிரித்துத் தங்கவைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு அவர்களின் தலைவியும் கோல்காரியும். ஒரே வளவுக்குள் அடுத்த வீட்டில் இருக்கிற பெரியப்பா தானே பரிமாறுவேன் என்று குசினிக்குள் வந்து நின்றார். வென்றவர்களுக்குப் புட்டு அவிக்கத் தேங்காய் துருவியது நான்.

சாப்பிடும்போது அந்தத் தலைவி மெல்லச் சொன்னாள்: "அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் விளையாடியிருந்தா நீங்கள் எங்களை வெண்டிருப்பியள். எங்களுக்கு ஓட ஏலாமப் போச்சு."

"எங்களிட்டை வெட்டின நேரம் முழுக்கப் பெரியப்பாவின்ரை நன்றியுரைக்குத்தான் போனது" என்றேன். அம்மா என்னை முறைத்தார். முறைத்தால் என்ன, அழுகை வந்துவிட்டது.

பெரியப்பா சொதிச் சட்டியோடு நின்றார். "இதுக்குப் போய் அழுறியே பிள்ளை. அடுத்த வருசம் வெல்லலாம்தானே."

"எனக்கு அடுத்த வருசம் இல்லை, பெரியப்பா. வயசு முடிஞ்சுது."

அவருக்கு அது தெரியாது. ஊருக்கே மைக்கில் அறிவித்தல் சொல்கிற மனிதர், தன் வளவுக்குள் இருந்த இந்த ஒன்றை யாரிடமும் கேட்டிருக்கவில்லை. நெடுந்தீவுப் பிள்ளைகள் இரண்டு பேரின் சாப்பாட்டுக் கோப்பையிலும் வெறும் புட்டு இருந்தது. அவர்களைத் தாண்டி வந்து, முதலில் என் கோப்பையில் சொதியை ஊற்றினார்.