அக்கா தட்டிக் காட்டிய தாளம்

1983 பொங்கல் சமயம். புதுச்சேரி, சாரம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பக்கத்தில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தகர டப்பா கம்பெனியில், தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் அடித்தேன்.

நாங்கள் மூன்று பேர். நானும் லேத் பட்டறையில் இருந்த ஒருவனும் அதுவரை கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்தவர்கள். மூன்றாமவனின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். இவன் பாரீசில் சித்தப்பா வீட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு கிட்டாரும் ஒரு பை கேசட்டும் கொண்டுவந்தான். இது பங்க், வெள்ளைக்காரப் பையன்கள் கோபத்தில் கத்திப் பாடுகிற பாட்டு என்றான். கிட்டாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும், மீதியைக் கோபம் பார்த்துக்கொள்ளும் என்றான். எனக்கு அது ஒத்துவந்தது. பிரஸ் மெஷின் மாதிரி நிறுத்தாமல் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆறு மாதம் கேசட்டைக் கேட்டு அப்படியே வாசித்தோம். வார்த்தை ஒன்றும் புரியாது.

“சொந்தமா ஒரு பாட்டு வேணும்டா. உனக்கு எது மேல கோவம், அதச் சொல்லு” என்றான் கிட்டார்காரன்.

கம்பெனியில் முந்தின வருஷம் நடந்ததைச் சொன்னேன். பக்கத்து மெஷின் அண்ணனுக்கு வலது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. பின் கேட் வழியாக வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேள்விப்பட்டு அவர் சம்சாரம் முன் கேட்டுக்கு ஓடிவந்தார். யாரும் திறக்கவில்லை.

“கேட்டத் தொறன்னு அந்தக்கா கத்துனாங்கடா” என்றேன்.

பாட்டு அன்றைக்கே தயார். ‘தொற தொற கேட்டத் தொற, தொறக்காட்டி ஒடைப்போம்.’ மொத்தம் இரண்டு நிமிஷம். மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்துவோம்.

சாரத்தில் இளைஞர் மன்றத்துப் பொங்கல் விழா. சாயங்கால நிகழ்ச்சியில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுற்றினார்கள். ஒன்ஸ்மோர் கேட்டு மூன்று தடவை பாடினோம். முன் வரிசைப் பெரியவர் ஒருவர், “ஏம்ப்பா, ஸ்பீக்கர் செட்டுக்காரன் மேல இன்னா கோவம் உங்களுக்கு?” என்றார். எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

கீழே இறங்கி டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்த அண்ணனின் சம்சாரம் வந்து எதிரில் நின்றார். அவர் வீடும் சாரம்தான். கூட்டத்தில் இருப்பார் என்று நான் யோசிக்கவே இல்லை.

“இது எங்க கதைதான தம்பி?”

“ஆமாங்க்கா.”

“நான் எங்க கத்துனேன்?”

கழற்றின ஸ்குருவைக் கீழே வைத்தேன்.

“எனக்குத் தொண்டையே தொறக்கல. தட்டத்தான் தட்னேன்.”

தரையில் இருந்த டிரம்மின் மேல் உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு. நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு ஒரு தட்டு. மறுபடி நிறுத்தினார்.

“உள்ளேர்ந்து யாராவது வராங்களான்னு கேக்கணும் இல்ல? உன்னாட்டம் அடிச்சிக்கினே இருந்தா இன்னா கேக்கும்?”

அந்தத் தட்டு எனக்குத் தெரியும். முன் கேட்டுக்குப் பத்தடியில் என் மெஷின். அன்றைக்கு விபத்து நடந்ததும் எல்லா மெஷினையும் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு தட்டும் தெளிவாகக் கேட்டது. கேட் பக்கம் போகிறவனுக்கு நாளைக்கு வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. அரை மணி நேரம் அக்கா தட்டினார். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கதவுச் சந்து வழியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உடனே அங்கே ஓடியிருப்பார்.

அவர் கத்தினார் என்று நான் சொன்னது பொய். கத்தியும் திறக்கவில்லை என்றால் பழி கேட்டைப் பூட்டி வைத்த வாட்ச்மேன் மேல் போகும், தட்டைக் கேட்டும் போகாத என் மேல் வராது. பாட்டில் கோபப்படுகிறவனாக நான் நிற்கலாம். இது எனக்கே அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது.

“நான் உள்ளதான் இருந்தேன்க்கா. கேட்டுச்சி” என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அவரு அங்க ஒத்த ஆளாக் கெடந்தாரு. நான் வந்துட்டனா, வந்துட்டனான்னு நர்சக் கேட்டுக்கினே இருந்தாராம்” என்றார். “அத்தயும் பாட்டுல போடு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போட்டேன். உள்ளே இருந்தேன், கேட்டது, போகவில்லை என்று பாட்டை மாற்றினேன். இரண்டு தட்டு, நிறுத்தம், ஒரு தட்டு, நிறுத்தம்.

“இது பங்க் இல்லடா, பஜன” என்றான் கிட்டார்காரன். இரண்டு வாரம் சண்டை. ஒருநாள் வாசித்துப் பார்த்தோம். நான் நிறுத்தின இடத்தில் அவனும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் போட்ட பாட்டு எல்லாவற்றிலும் அப்படி ஒரு நிறுத்தம் வந்தது. யாரும் சட்டையைக் கழற்றவில்லை. கூப்பிடுகிறவர்களும் குறைந்துபோனார்கள். அக்காவை ஒரு தடவை போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. மூன்று வருஷத்தில் கிட்டார்காரன் பிரான்சுக்கே போனான். குழு கலைந்தது.

ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவன், பிறகு மைக் பிடித்து எவ்வளவு கத்தினாலும் அது அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது என்பதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.